ஏறுகிற லொறிக்கு பிரேக் எதற்கு

மொட்டைப்பாறைத் தோட்டம்,
கீழ்ப் பிரிவு,
பெல்மதுளை.
1997.11.16

அன்பு மகன் யோகராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி ராகினியும் முருகன் துணையால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தச் சவுதி வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி, சுகமாக இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றிக் கேட்டுக்கொள்கிறேன். உடம்புக்குக் குறையில்லை என்றுதான் எழுதினேன், மனதுக்குக் குறையில்லை என்று எழுதவில்லை, அதைக் கவனித்துக்கொள். உன் கடிதம் போன மாதம் பத்தாம் திகதியே கைக்கு வந்துவிட்டது. பதில் போட இத்தனை நாள் சென்றதற்கு வேலை காரணம் இல்லை, சுகவீனம் காரணம் இல்லை, கோபம்தான் காரணம். வந்த அன்றைக்கே எழுதியிருந்தால் பெற்ற பிள்ளைக்கு எழுதக்கூடாததை எல்லாம் எழுதியிருப்பேன். இப்போதும் கோபம் ஆறவில்லை, ஆனால் எழுதக்கூடியதை மட்டும் எழுத முடிகிறது.

முதலில் வீட்டுச் செய்திகளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ராகினிக்கு இரத்தினபுரியில் ஒரு புடைவைக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது, காலை ஆறு மணி பஸ்ஸில் போய் விளக்கு வைக்கிற நேரம் வந்துவிடுகிறாள், ஞாயிறு லீவு. லயத்துக் கூரையில் நம் காம்பராவுக்கு மேலே இருந்த ஓட்டைக்கு இந்த மழைக்கும் தகரம் போடவில்லை, நானே ரப்பர் பால் காய்ச்சித் துணியில் தடவி ஒட்டிவிட்டேன், ஒழுக்கு நின்றிருக்கிறது. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் கிடாய். இவ்வளவுதான் நல்ல செய்தி. இனி எழுதுவதை அவசரப்படாமல் உட்கார்ந்து வாசி.

ஆனி மாதம் நடந்த லொறி விஷயத்தில் உனக்குத் தெரிந்ததெல்லாம் டெலிபோனில் ஐந்து நிமிஷத்தில் நான் அழுதுகொண்டே சொன்னதுதான். அதை வைத்துக்கொண்டு நீ இரண்டு பக்கத்துக்குத் தீர்ப்பு எழுதி அனுப்பியிருக்கிறாய். அப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இருபத்தாறு வருஷ வேலை போயிருக்காது, ஏற்றினவன்தான் பொறுப்பு, ஓட்டுகிறவன் என்ன செய்வான் என்று கேட்டிருக்கிறாய். அதனால் அன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், அதற்குப் பிறகு யார் பொறுப்பு என்று நீயே சொல்.

கம்பனிக்காரர்கள் வந்த பிறகு கீழ்ப் பிரிவில் கிழட்டு ரப்பர் மரங்களை வெட்டிப் புதுக்கன்று வைக்கிறார்கள், வெட்டுகிற மரமெல்லாம் மேலே தேயிலை ஃபேக்டரி அடுப்புக்கு விறகாகப் போகிறது. நம் தோட்டத்து லொறி ஐந்து தொன் லொறி என்பது உனக்குத் தெரியும், அதில்தான் நீ ஸ்டீயரிங் பிடிக்கவே பழகினாய். அப்பா எப்போதும் தன் கண் முன்னால்தான் லோடு ஏற்ற விடுவார். அடிக்கட்டை எல்லாம் கபின் பக்கம், நுனி பின்பக்கம், இடமும் வலமும் சரிக்குச் சரி, பலகை மட்டத்துக்கு மேலே ஒரு கட்டை ஏறக்கூடாது. ஏற்றி முடித்ததும் டயரைத் தட்டிப் பார்த்து, குனிந்து ஸ்ப்ரிங்கைப் பார்த்து, ஒரு சுற்றுச் சுற்றி வந்துதான் ஏறுவார். குமாரவேல் அண்ணே பொண்ணு பாக்குற மாதிரி லொறியப் பாக்குறாரு என்று லோடு ஏற்றுகிற கந்தையா சிரிப்பான். நீயும் சேர்ந்து சிரித்திருக்கிறாய்.

அன்றைக்கு மூன்று நாளாக விடாத மழை. ஃபேக்டரியில் விறகு தீர்ந்துவிட்டது, மேல்தட்டில் வாட்டப் போட்ட கொழுந்து அப்படியே கிடக்கிறது. ஃபேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா காலையிலேயே அப்பாவை ஏதோ மெஷின் சாமான் எடுத்துவர ஜீப்பில் டவுனுக்கு அனுப்பிவிட்டு, தானே கீழே வந்து நின்று லொறிக்கு லோடு ஏற்ற வைத்திருக்கிறார். மழையில் ஊறின பச்சை ரப்பர் மரம் என்ன பாரம் இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவசரத்தில் நுனியை முன்னுக்கு விட்டுப் பின்னால் இருந்து தள்ளித் தள்ளி ஏற்றியதில் அடிக்கட்டை முழுக்கப் பின்பக்கம் வந்துவிட்டது, பின்பலகையைத் தாண்டி மூன்று நாலு அடி வெளியே நீட்டிக்கொண்டும் இருந்தது, உயரமோ பலகைக்கு மேலே இன்னும் இரண்டு வரிசை. கந்தையா சொல்லியிருக்கிறான், ஐயா குமாரவேல் அண்ணே வரட்டும் என்று. அவர் என்ன ஒனக்கு சம்பளம் குடுக்குறாரா என்று கேட்டிருக்கிறார் டீமேக்கர்.

அப்பா வந்தார். பார்த்தார். ஒரு சுற்று இல்லை, இரண்டு சுற்று. பின் ஸ்ப்ரிங் பலகை மாதிரி படுத்துவிட்டது, முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஐயா ரெண்டு வரிசை எறக்கணும், அடிக்கட்டைய முன்னுக்குத் திருப்பிப் போடணும், முன்னால பாரமே இல்ல, ஏத்தத்துல ஸ்டீயரிங் கேக்காது என்று சொன்னார். ஒரு மணித்தியாலம் போயிரும், அடுப்பு அணைஞ்சிச்சின்னா அவ்வளவு கொழுந்தும் குப்பைக்குத்தான், ஒனக்குத் தெரியாத ரோட்டா குமாரவேல், மெதுவா கொண்டு போ என்றார் டீமேக்கர். அப்பா இன்னொரு தரம் சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். என் கோபம் இன்றைக்கும் அந்த இடத்தில்தான் நிற்கிறது மகன், அந்த ஏறி உட்கார்ந்த இடத்தில்.

மேல் ரோட்டு வளைவுக்கு நேர் கீழேதான், மலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பரா. அன்றைக்குப் பதினொரு பிள்ளைகள், ஏழு பேர் தொட்டிலில், நாலு பேர் வாசல்படியில். படியில் இருந்ததுகளுக்குத் திரிபோஷா சத்துமா உருண்டை பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உன்னோடு ஒரே வகுப்பில் படித்த அழகம்மா பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள், பிள்ளைக்கு ஆறு மாதம், கொடுத்து முடித்துத் தொட்டிலில் போட்டுவிட்டு வேலி ஓரத்துப் பைப்பில் கால் கழுவப் போனாள். லொறி முதல் கியரில் முனகி முனகி ஏறுகிற சத்தம் கேட்டது. அப்பா வருகிறார் என்று நினைத்தேன். வளைவில் திருப்பும்போது முன் சக்கரம் மண்ணைப் பிடிக்கவில்லை, திருப்பிய பக்கம் திரும்பாமல் நேரே ஓரத்துக்குப் போனது, மழையில் இளகியிருந்த ஓரம் உள்வாங்கியது. கட்டைகளைக் கட்டியிருந்த கயிறு அறுந்த சத்தம் வெடி மாதிரி கேட்டது. நான் நாலு பிள்ளைகளையும் எந்தக் கையால் எப்படி உள்ளே இழுத்தேன் என்று எனக்குத் தெரியாது, ஒரு பிள்ளையின் சட்டை கிழிந்து என் கையோடு வந்திருந்தது. கட்டைகள் மேலிருந்து உருண்டு வந்து சுவரில் மோதியபோது தொட்டில் ஏழும் ஆடின. ஒரு கட்டை வேலியை உடைத்துக்கொண்டு வந்து பைப் தூணையும் அழகம்மாவின் வலது காலையும் சேர்த்து நசுக்கிவிட்டது. அவள் கத்தவில்லை. பிள்ளையப் பாருங்க அக்கா, பிள்ளையப் பாருங்க என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

லொறி ரோட்டோர மரத்தில் சாய்ந்து நின்றதால் அப்பா நெற்றிக் காயத்தோடு தப்பினார். ஓடி இறங்கி வந்து பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். கம்பளியில் போட்டு அழகம்மாவைத் தூக்கிப் போனதில் அவரும் ஒரு முனை பிடித்தார். மறுநாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இருபத்தாறு வயது. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கிப் பிழைக்கிறவள்.

அன்று சாயங்காலமே டீமேக்கரும் நம் யூனியன் தலைவரும் வீட்டுக்கு வந்தார்கள். டீமேக்கர் நம் வீட்டு வாசல் மிதித்தது அதுதான் முதல் தரம். பிரேக் புடிக்கலன்னு சொல்லிரு குமாரவேல், மெஷின் குத்தம், யாருக்கும் வம்பு இல்ல என்றார். தலைவர் அதற்கு மேலே ஒரு ஆணி அடித்தார். பாரம் அதிகமா ஏத்துனது தெரிஞ்சா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிருவான், அழகம்மாவுக்கு ஒன்னும் கெடைக்காது, அவளுக்காகவாவது சொல்லு என்றார். அப்பா தலையை ஆட்டினார். மறுநாள் பொலிஸில் அப்படியே சொன்னார், எழுதி வாசித்துக் காட்டினார்கள், கையெழுத்து வைத்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. அதை மறைத்து எழுத மாட்டேன், நானும்தான் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் நீ டவுன் கடைக்குக் கோல் எடுத்தபோதும் அதையே சொன்னாய், பிரேக்குன்னே சொல்லச் சொல்லுங்கம்மா என்று. எல்லாரும் ஒரே வார்த்தை சொல்லும்போது அது சரியாகத்தான் இருக்கும் என்று நானும் என்னை ஏமாற்றிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை, பிள்ளைக் காம்பரா வாசலில் ஒரு முஸ்லிம் அம்மா வந்து நின்றார். டவுனில் கராஜ் வைத்திருக்கிற ஸம்சுதீன் பாஸை உனக்குத் தெரியும், அவருடைய மனைவி நூரியா. விபத்துக்குப் பத்து நாள் முன்னால் நம் லொறிக்கு பிரேக் புதிதாகப் போட்டுக் கொடுத்தவர் பாஸ்தான். அப்பா சொன்னதை வைத்து பொலிஸ் அவரைக் கூப்பிட்டு இரண்டு நாள் விசாரித்திருக்கிறார்கள். அது தெரிந்ததும் டவுனில் ஒருவரும் அவர் கராஜுக்கு வாகனம் விடுவதில்லை. அந்த அம்மா சண்டை போட வரவில்லை. செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, தொட்டில்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். தங்கச்சி, இவர் பிரேக் போட்டா அவரே ஓட்டிப் பாத்துட்டுத்தான் சாவி குடுப்பார், முப்பது வருஷமா அப்புடித்தான், ஒங்கட ஆள் உண்மையா அப்புடிச் சொன்னாரா, இல்ல பொலிஸ்ல மாத்தி எழுதிட்டாங்களா என்று. நாங்கள் பொய் சொல்லியிருப்போம் என்று அந்த அம்மாவுக்கு நினைக்கவே வரவில்லை மகன். யாரோ மாற்றி எழுதியிருப்பார்கள் என்றுதான் நினைத்து அத்தனை தூரம் மழையில் நடந்து வந்திருக்கிறார். தேத்தண்ணி கொடுத்தேன், குடித்தார், போய்விட்டார்.

அன்று வேலை விட்டு வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவரை அப்படிக் கேட்டதில்லை. நான் ஸ்டீயரிங் பிடித்தவள் இல்லை, ஆனால் லொறி ஏறிக்கொண்டிருந்த சத்தத்தைக் கேட்டவள். முதல் கியர்ல ஏறுற லொறிக்கு பிரேக் எதுக்குங்க, லொறி பின்னுக்கா வந்திச்சி, ஓரத்துக்குத்தானே போச்சி, இது எனக்கே தெரியுது, பொலிஸுக்குத் தெரியாட்டியும் அந்த ஸம்சுதீன் பாஸுக்குத் தெரியாதா என்று கேட்டேன். வேலை போயிரும் இராஜம் என்றார். அவருக்குப் போயிருச்சே என்றேன். நீ வருஷக்கணக்காக லொறி ஓட்டுகிறவன். ஏற்றத்தில் பிரேக் போய்விட்டது என்று சொல்லச் சொன்னபோது உனக்கு அது தெரியாமலா இருந்தது?

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு அழகம்மாவைப் பார்க்கப் போனோம். பிள்ளை பக்கத்தில் கிடந்தது. அவள் எங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பவில்லை, கட்டிலில் உட்காரச் சொன்னாள். கொஞ்ச நேரம் பிள்ளைக்குச் சளி பிடித்ததைப் பற்றி எல்லாம் பேசிவிட்டு, சும்மா கேட்கிற மாதிரி அப்பாவைக் கேட்டாள். அண்ணே, பிரேக் போச்சின்னு சொல்றாங்க, கந்தையா அண்ணே வந்தப்ப நீங்க ரெண்டு தரம் சுத்திப் பாத்தீங்கன்னு சொன்னாரு, அப்ப தெரிஞ்சுதானே ஏறி ஒக்காந்தீங்க என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அப்பா முழங்காலுக்குக் கீழே போர்வை மட்டமாகக் கிடந்த அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆமா தங்கச்சி, தெரிஞ்சுதான் என்றார். அவள் அழுதாள். அதுவரைக்கும் அவள் அழவில்லை என்று பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னார்.

திரும்பி பஸ்ஸில் வந்தோம். டவுனில் இறங்கியதும் அப்பா தோட்டத்துப் பாதைக்குப் போகாமல் நேரே பொலிஸுக்கு நடந்தார், நான் பின்னாலேயே போனேன். முன்பு சொன்னது பொய், பிரேக் சரியாக இருந்தது, பாரம் அதிகம், பாரம் முழுக்கப் பின்னால், எடுக்க முன்பே எனக்குத் தெரியும், சொல்லியும் பார்த்தேன், சொல்லிவிட்டு எடுத்தது நான் என்று சிங்களத்தில் நின்றபடியே சொன்னார். பிறகு கராஜுக்குப் போனோம். ஸம்சுதீன் பாஸ் வேலை இல்லாமல் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா சொன்னதைக் கேட்டுவிட்டு, சரி போங்க என்று மட்டும் சொன்னார். நூரியா அம்மா கதவுக்குப் பின்னால் நின்றார், வெளியே வரவில்லை. நான் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனவள், கேட்காமலே வந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். லொறியிலிருந்து அப்பாவை இறக்கிப் புல்வெட்ட விட்டார்கள். தனக்குத் தெரியாமல் ஏற்றிவிட்டார்கள் என்று டீமேக்கர் கந்தையா தலையில் போடப் பார்த்தார், கந்தையா நடந்ததை எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டான். அழகம்மாவுக்குக் கிடைக்க வேண்டியதைக் கெடுத்துவிட்டார் என்று லயத்தில் பாதிப் பேர் அப்பாவைத் திட்டினார்கள். நான் அழகம்மாவின் புருஷனைக் கூட்டிக்கொண்டு இரத்தினபுரியில் தொழில் கந்தோருக்குப் போனேன். வேலை நேரத்தில் தோட்டத்துக்குள் பட்ட காயம், இன்சூரன்ஸ் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் தோட்டம்தான் பார்க்க வேண்டும் என்று அங்கே இருந்த அம்மா சொல்லி, விண்ணப்பத்தையும் எழுதித் தந்தார். தலைவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. இனி அவர் நம் வாசலுக்கு வந்தால் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டேன். அந்த விண்ணப்பம் இன்னும் முடியவில்லை, இழுத்துக்கொண்டு கிடக்கிறது, நான் மாதம் ஒரு தரம் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

புரட்டாசியில் கோர்ட். தெரிந்தும் ஏன் எடுத்தாய் என்று நீதவான் கேட்டார். அப்பாவுக்காக வந்த வக்கீல் மேலதிகாரி உத்தரவு என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தார். அப்பா அதைச் சொல்லவில்லை. ஏற்றச் சொன்னது ஐயா, ஏற்றியது வேறு ஆட்கள், ஆனால் நான் சாவியைத் திருப்பாமல் இருந்தால் அந்த லொறி அங்கேயேதான் நின்றிருக்கும் என்றார். தண்டப்பணமும் ஒரு வருஷத்துக்கு லைசன்ஸ் தடையும் போட்டார்கள். டீமேக்கர் மேலும் கம்பனி மேலும் வேறு கேஸ் நடக்கிறது. உண்மையைச் சொன்ன மனுஷன் என்று இப்போது சிலர் அப்பாவை மெச்சுகிறார்கள். நான் மெச்சவில்லை. உண்மை சொன்னதற்கு எனக்குக் கோபம் இல்லை, அதை இரண்டு வாரம் கழித்துச் சொன்னதற்குக் கோபம். இருபத்தாறு வருஷம் ஒரு லோடையும் பார்க்காமல் எடுக்காத மனுஷன் அந்த ஒரு நாள், ஒரு மணித்தியாலம் முரண்டு பிடித்து நிற்காமல் விட்டாரே என்று கோபம். வீட்டில் சாப்பிடுங்க, தண்ணி வேணுமா, இதற்கு மேலே நாலு மாதமாக நான் அவரோடு பேசவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். விறகு ஏற்ற எம்பிலிப்பிட்டியவிலிருந்து வாடகை லொறி ஒன்று வருகிறது. டிரைவர் சிங்களத் தம்பி, உன் வயதுதான் இருக்கும். பத்து மணி போல வேலி ஓரத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன், கீழ் வளைவில் அந்த லொறி வருவது தெரிந்தது. பலகைக்கு மேலே இரண்டு வரிசை. அடிக்கட்டை முழுக்கப் பின்னால். அதே மாதிரி, மகன், அதே டீமேக்கர், அதே அவசரம், ஒரு கால் போய் ஐந்து மாதம் ஆகவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கையில் இருந்த துணியோடு ஏறிப் போய் நடு ரோட்டில் நின்றேன். பால் கொடுக்க வந்திருந்த ஜீவராணியும் இன்னும் இரண்டு பேரும் என்னவென்று கேட்காமலே வந்து பக்கத்தில் நின்றார்கள்.

லொறி வளைவுக்குக் கீழேயே நின்றது. அந்தத் தம்பி இறங்கினான், திட்டப் போகிறான் என்று நினைத்தேன். பின் சக்கரத்துக்குக் கல் வைத்தான், எஞ்சினை நிறுத்தினான், சாவியை எடுத்துப் பைக்குள் போட்டான். அம்மே, நானும் சொன்னேன், கேட்கவில்லை, நான் ஒருத்தன் மாட்டேன் என்றால் நாளைக்கு வேறு லொறி வரும், நீங்கள் நிற்பதால் போக முடியவில்லை என்று நான் போய்ச் சொல்கிறேன், நகராமல் நில்லுங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு ஃபேக்டரிக்கு நடந்தான். அவன் முகத்தில் இருந்தது பயமா சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை.

டீமேக்கர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும்போதே சத்தம் போட்டார், பிள்ளை பாக்குற பொம்பளைக்கு லொறியப் பத்தி என்ன தெரியும், பேர வெட்டிருவேன் என்று. எனக்குப் பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன், முழங்கால் ஆடியது. ஆனால் குரல் ஆடவில்லை. ஐயா, ஒன்பது பிள்ளைங்க உள்ள தொட்டில்ல தூங்குது, நீங்க கீழ வந்து அந்தத் தொட்டிலுங்களுக்குப் பக்கத்துல நில்லுங்க, லொறி மேல போய்ச் சேருற வரைக்கும் நில்லுங்க, நாங்க இப்பவே வழி விட்டுர்றோம் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கீழே பிள்ளைக் காம்பராக் கூரையைப் பார்த்தார். லோடைப் பார்த்தார். நாங்கள் நாலு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். எறக்குங்கடா ரெண்டு வரிசைய என்று கந்தையாவிடம் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இறக்கினார்கள். மீதியையும் திருப்பிப் போட வேண்டும் என்று நான் விடவில்லை. அப்போது மேல் மலையில் புல்வெட்டிக்கொண்டிருந்த அப்பா கத்தியைத் தரையில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். யாரும் கூப்பிடவில்லை. எந்தக் கட்டை எங்கே என்று கந்தையாவுக்குக் கையால் காட்டிக்கொண்டே இருந்தார். எல்லாம் முடிந்ததும் குனிந்து ஸ்ப்ரிங்கைப் பார்த்து, ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அந்தத் தம்பியிடம் இப்போது நீ பார் என்று சிங்களத்தில் சொன்னார். அவனும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினான். ஒரு மணித்தியாலமும் பத்து நிமிஷமும் ஆனது. அடுப்பு அணையவில்லை, கொழுந்தும் குப்பைக்குப் போகவில்லை. லொறி மேலே போய்ச் சேர்ந்த சத்தம் கேட்டபிறகுதான் நாங்கள் ரோட்டை விட்டு இறங்கினோம். என் பேரை வெட்டுவார்களா இல்லையா என்று இன்னும் தெரியாது. அன்று சாயங்காலம் நான் அப்பாவிடம் போய், என் முழங்கால் ஆடினது தெரிஞ்சிச்சாங்க என்று கேட்டேன். தெரிஞ்சிச்சி என்றார். நாலு மாதத்துக்குப் பிறகு நாங்கள் பேசிய பேச்சு அதுதான்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் பெருமையாக ஒன்று எழுதியிருக்கிறாய். டிரெய்லரில் கம்பி ஏற்றுகிறபோது அளவுக்கு மேலே பத்துத் தொன் பன்னிரண்டு தொன் ஏற்றுவார்கள், இங்கே எல்லாரும் அப்படித்தான், ஃபோர்மன் கையெழுத்துப் போடுகிறான் நான் ஓட்டுகிறேன், அவ்வளவுதான் என் வேலை என்று. அந்த வரியை வாசித்தபோது எனக்கு டீமேக்கர் மேலே வந்த கோபத்தைவிட உன் மேலே வந்த கோபம் பெரிது. அந்த ரோடு நேர் ரோடு, இரண்டு பக்கமும் வெறும் மணல்தான் என்று எனக்குப் பதில் எழுதாதே. எதிரே ஒருத்தன் வருவான், பக்கத்தில் ஒருத்தன் போவான், ரோட்டோரத்தில் டயர் மாற்றிக்கொண்டு ஒருத்தன் உட்கார்ந்திருப்பான், அவனுக்கும் ஒரு வீடு இருக்கும். கையெழுத்துப் போட்ட ஃபோர்மன் அப்போது அங்கே இருக்க மாட்டான், நீதான் இருப்பாய். உன் அப்பா நல்ல டிரைவர், உன்னைவிட நல்ல டிரைவர், அவருக்கே ஒரு நாள் போதுமாக இருந்தது.

ஆகவே நீ இறங்கிப் பார்க்க வேண்டும். பாரம் அதிகம் என்றால் எடுக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும், ஒரு தரம் சொல்லிவிட்டு ஏறி உட்காரக்கூடாது, இறக்குகிற வரைக்கும் கீழேயே நிற்க வேண்டும். அதற்காக அவர்கள் உன்னைப் பிளேனில் ஏற்றி அனுப்பினால் வந்துவிடு. கடனோ கஷ்டமோ பார்த்துக்கொள்ளலாம், இரண்டு கிடாய்க் குட்டி இருக்கிறது, ராகினி சம்பளம் இருக்கிறது, என் பேரை வெட்டாவிட்டால் நானும் இருக்கிறேன். வேலை போய் வந்து நிற்கிற மகனுக்கு இந்த வீட்டில் சோறு உண்டு. தெரிந்தே ஒருவரின் காலை எடுத்துவிட்டு, ஏற்றினவன்தான் பொறுப்பு என்று எழுதுகிற மகனுக்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியாது, அந்தக் கடிதத்தை எழுத என்னை வைத்துவிடாதே.

தலைக்கு எண்ணெய் வை, வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே, இருமல் இருந்தால் மறைக்காமல் எழுது. அழகம்மாவுக்கு ஒரு வரியாவது எழுது, மன்னிப்பு என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம், எப்படி இருக்கிறாய் என்று கேள். உன்னோடு படித்தவள், நீ கேட்கவில்லையே என்று ஒரு தரம் சொன்னாள். உன் டிரெய்லர் எத்தனை தொன் ஏற்றலாம், இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கு எத்தனை தொன் ஏற்றிக்கொண்டு போனாய், இந்த இரண்டையும் எனக்கு எழுது. அப்பாவுக்கு இல்லை, எனக்கு.

முருகன் உன் கண்ணிலும் கையிலும் இருந்து உன்னையும், நீ போகிற ரோட்டில் இருக்கிறவர்களையும் காப்பாற்றட்டும்.

கோபத்தோடும் ஆசீர்வாதத்தோடும்,
உன் அம்மா
கு. இராஜம்